திரும்பிப் போக முடியாதவர்களின் திட்டம்

நாவலாசிரியர் ஒருவர் மேடையேறினால் அவரிடம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று மாறுவதே இல்லை. முடிவு தெரிந்துதான் எழுத உட்காருவீர்களா? பதிலும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். எல்லாவற்றையும் வகுத்துக்கொண்டுதான் முதல் வரியை எழுதுவேன் என்பார் ஒருவர். பாத்திரங்கள் போகிற போக்கில் நானும் போகிறேன், கடைசி அத்தியாயம் வரை எனக்கே ஒன்றும் தெரியாது என்பார் இன்னொருவர். கைதட்டல் இரண்டாவது பதிலுக்குத்தான் கூடுதல். படைப்பு என்றால் அருள்வாக்கு மாதிரி வர வேண்டும் என்ற நம்முடைய ஆசைக்கு அந்தப் பதில் இதமாக இருக்கிறது.

இந்த வாக்குமூலங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எட்கர் ஆலன் போ 1846இல் ஒரு கட்டுரை எழுதினார். ‘தி ரேவன்’ கவிதையை முடிவிலிருந்து பின்னோக்கி, கணிதக் கணக்கைத் தீர்ப்பதுபோல் படிப்படியாகக் கட்டியதாக அதில் சொன்னார். கவிதை அச்சாகி ஓராண்டுக்கு மேல் ஆகி, அதன் புகழ் உச்சத்தில் இருந்த சமயம் அது. வெற்றிக்குப் பிறகு சொல்லப்படும் திட்டம் எப்போதும் கச்சிதமாகத்தான் இருக்கும். எனவே எழுத்தாளர்கள் சொன்னதைக் காட்டிலும் அவர்கள் விட்டுச்சென்ற தாள்களை, அதாவது குறிப்பேடுகள், வரைவுகள், கடிதங்கள் ஆகியவற்றைப் பார்ப்பது நல்லது. அவற்றைப் புரட்டினால் திட்டமிடுகிறவர், திட்டமிடாதவர் என்ற பிரிவு சுபாவத்தால் மட்டும் வந்ததல்ல என்பது தெரிகிறது. எழுதியதைத் திரும்பப் போய்த் திருத்த ஒருவருக்கு வழி இருந்ததா இல்லையா என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் இலக்கணக்காரர்களைப் பார்த்துவிடலாம். அரிஸ்டாட்டிலின் ‘கவிதையியல்’ என்றதும் தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்றும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எழுதுகிறவனுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி 17ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. கதை பழையதானாலும் புதியதானாலும் முதலில் அதன் எலும்புக்கூட்டை மட்டும் வரைந்துகொள், பெயர்களும் கிளைச்சம்பவங்களும் பிறகு வரட்டும் என்கிறார் அவர். எடுத்துக்காட்டாக ‘ஒடிஸி’ முழுவதையும் பெயரே இல்லாமல் சில வரிகளில் சுருக்கிக் காட்டுகிறார். பல ஆண்டுகளாக வீடு திரும்பாத ஒருவன், அவன் சொத்தைத் தின்று தீர்க்கும் அந்நியர்கள், அவன் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பது. மற்றதெல்லாம் கிளைக்கதை என்று முடித்துவிடுகிறார். கோடம்பாக்கத்தில் ‘ஒன் லைன்’ என்று சொல்வது இதைத்தான்.

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பான குறிப்பு சிலப்பதிகார உரையில் கிடைக்கிறது. அரங்கேற்று காதைக்கு உரை எழுதும்போது அடியார்க்குநல்லார் நாடகத்துக்குரிய சந்திகள் ஐந்தைச் சொல்கிறார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். ஒவ்வொன்றுக்கும் வயலிலிருந்து விளக்கம் வருகிறது. உழுது விதைத்த நிலத்தில் முளை கிளம்புவது முகம். இலை விட்டு நாற்றாக நிற்பது பிரதிமுகம். கதிர் உள்ளே கருக்கொள்வது கருப்பம். முற்றுவது விளைவு. அறுத்துப் போரடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். பரதரின் நாட்டிய சாத்திரமும் ஐந்து சந்திகளையே சொல்கிறது. ஆனால் அதில் நான்காவது, கைக்கு எட்டியது தவறிப்போகுமோ என்று தடை நிற்கும் இடம். தமிழ்ப் பட்டியலில் நான்காவது, பயிர் முற்றும் இடம். மோதலை நடுவில் வைக்காமலும் ஒரு கதையின் வளர்ச்சியைப் பேசலாம் என்பதற்கு இவ்வளவு பழைய சான்று கையில் இருக்க, நம் பயிலரங்குகள் ஏன் ஹாலிவுட் வரைபடத்தோடு தொடங்குகின்றன என்று எனக்குப் புரிந்ததில்லை.

அந்த வரைபடங்களும் வந்த இடத்தை மறந்துவிட்டன. குஸ்தாவ் ஃபிரைடாக் 1863இல் வரைந்த பிரமிடு, ஐந்து அங்க நாடகத்துக்காக வரையப்பட்டது. அதில் உச்சம் மூன்றாம் அங்கத்தில், சரியாக நடுவில் இருக்கிறது. அதன் பிறகு பாதி நாடகம் சரிவுதான். இன்று சிறுகதை வகுப்பில் உச்சத்தைக் கடைசிக்குத் தள்ளி வரைந்துவிட்டு அதற்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். சிட் ஃபீல்டு 1979இல் எழுதிய திரைக்கதைக் கையேட்டில் வரும் 30, 60, 30 பக்கப் பங்கீடு, ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கில் இரண்டு மணி நேரப் படத்துக்குப் போட்டது. நம் படங்களுக்கு நடுவில் விளக்கைப் போட்டு முறுக்கு விற்றாக வேண்டும். ஆகவே கதை விவாதத்தில் ‘இன்டர்வெல் பிளாக்’ எது என்பதுதான் முதல் பஞ்சாயத்து. அமைப்பு விதிகள் என்று நாம் மனப்பாடம் செய்பவை பலவும், பார்வையாளர் எவ்வளவு நேரம் உட்காருவார், எப்போது எழுந்து போவார் என்ற கணக்கிலிருந்து பிறந்தவை.

நாவலுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது தொடர்கதை. இதில் சார்லஸ் டிக்கன்ஸின் தாள்கள்தான் பெரும் புதையல்.

‘டோம்பே அண்ட் சன்’ 1846 அக்டோபர் முதல் 1848 ஏப்ரல் வரை மாதாமாதம் தனி இதழாக வந்தது. இருபது பகுதிகள், பத்தொன்பது இதழ்கள். கடைசி இதழ் மட்டும் இரட்டை. ஒவ்வொரு பகுதியும் 32 பக்கம், விலை ஒரு ஷில்லிங். பக்கம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த நாவலிலிருந்து டிக்கன்ஸ் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு தாளை எடுத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டார். வலப்பக்கம் அத்தியாயத் தலைப்புகளும் அவற்றில் நடப்பவையும். இடப்பக்கம் தன்னிடமே கேட்டுக்கொள்ளும் கேள்விகள். இன்னாரை இந்த மாதம் கொண்டுவரலாமா, இந்த ரகசியத்தை இப்போது உடைக்கலாமா என்று எழுதி, பக்கத்திலேயே ஆம், வேண்டாம், இப்போது இல்லை என்று பதிலையும் குறித்துவைக்கிறார். சில பதில்கள் மாதத்தை எழுதி முடித்த பிறகு போட்டவை. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்தத் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன.

அவற்றில் நாவல் முழுவதற்கும் ஒரே வரைபடம் இல்லை. பெரும்போக்கு அவர் மனதில் இருந்தது. நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு 1846 ஜூலையில் எழுதிய கடிதத்தில் டோம்பே கதையின் போக்கை விரிவாகவே சொல்கிறார். தாளில் இறக்கியதோ அந்தந்த மாதத்துக்கானது மட்டும். அந்தக் கடிதத்தில் வால்டர் என்ற இளைஞன் மெல்ல மெல்லக் கெட்டுச் சீரழிவதாக ஒரு யோசனை இருக்கிறது. அச்சான நாவலில் அவன் கப்பல் விபத்திலிருந்து தப்பி வந்து கதாநாயகியை மணக்கிறான். அவருடைய திட்டம் அந்தந்த மாதம் எதை மூடிவைப்பது, எதைத் திறப்பது என்பதைத்தான் கட்டுப்படுத்தியது. ஆட்களின் தலைவிதியை அது எழுதிவைக்கவில்லை.

இந்தப் பழக்கம் அடிபட்டு வந்தது. ‘பிக்விக்’ 1836இல் ஓர் ஓவியரின் படங்களுக்குத் துணை எழுத்தாகத் தொடங்கி, திட்டமே இல்லாமல் ஓடிய தொடர். ‘மார்ட்டின் சஸல்விட்’ எழுதும்போது விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. நாயகனைத் திடீரென்று அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். இன்று வாசித்தாலும் ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறது. திட்டத்தாள் வந்த பிறகும் வெளியிலிருந்து அடி விழுந்தது. ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ தொடரில் மிஸ் மௌச்சர் என்ற குள்ள உருவப் பெண் முதலில் சூதுக்கு உடந்தையாக இருப்பாள் என்ற தோரணையில் நுழைகிறாள். தன்னைத்தான் எழுதிவிட்டார் என்று நிஜத்தில் ஒரு பெண்மணி மனம் புண்பட்டுக் கடிதம் போட்டார். முன்னால் வந்த இதழ் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான வீடுகளில் இருந்தது. அதைத் திருத்த முடியாது. சில மாதங்கள் கழித்து அதே மௌச்சரை நல்லவளாகத் திரும்பக் கூட்டிவந்து, முதல் தோற்றத்தை நம்பக் கூடாது என்று அவள் வாயாலேயே பேசவைத்தார் டிக்கன்ஸ். பின்னால் போக வழியில்லாதவன் பிழையைக் கதையின் பொருளாகவே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தாஸ்தயேவ்ஸ்கியின் நிலைமை இதைவிட மோசம். 1867இல் கடன்காரர்களுக்கு அஞ்சி ஜெனீவாவில் இருந்தபோது ‘அசடன்’ நாவலுக்காக அவர் போட்ட திட்டங்கள் குறிப்பேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முதல் திட்டங்களில் நாயகன் கர்வமும் மூர்க்கமும் கொண்டவன். டிசம்பரில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, கள்ளமற்ற ஒருவனை நடுவில் நிறுத்திப் புதிதாகத் தொடங்கினார். சில வாரங்களில் முதல் அத்தியாயங்களை ‘ரூஸ்கி வெஸ்த்னிக்’ பத்திரிகைக்கு அனுப்பியும் விட்டார். 1868 ஜனவரியில் தொடர் வெளிவரத் தொடங்கியபோது அடுத்த பாகங்களில் என்ன நடக்கும் என்பது அவருக்கே தெளிவில்லை. முதல் பாகம் ஒரே நாளில் நடந்து முடிகிறது, கம்பிபோல் விறைப்பாக நிற்கிறது. அடுத்து வரும் இரண்டு பாகங்கள் வழிதவறித் திரிகின்றன. இறுதிக்காட்சியில் மறுபடி அந்த இறுக்கம் வருகிறது. நாவலின் மேடுபள்ளம் ஆசிரியரின் மாதத் தவணைகளையே காட்டிக்கொடுக்கிறது. அதற்காக அது சிறிய நாவலாகிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திட்டக் குறைபாடு வேறு, நாவலின் குறைபாடு வேறு.

இந்த வாதத்துக்கு எதிர்ச்சாட்சியாக ஆன்டனி டிரோலப்பைக் கூப்பிடலாம். அவரும் தொடர்கதைக்காரர்தான். ஆனால் 1883இல் வெளியான தன்வரலாற்றில், நாவலைத் தொடங்கும்போது அதன் முடிவு தனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் கவலையும் இல்லை என்கிறார். ‘மூன்ஸ்டோன்’ எழுதிய வில்கி காலின்ஸ் ஒவ்வொரு ஆணியையும் முன்கூட்டியே அடித்துவைக்கிறவர், அந்தக் கட்டுமானத்தின் ஓசை வாசிக்கும்போதே காதில் விழுகிறது என்ற பொருளில் ஒரு குத்தலும் உண்டு. ஆனால் அதே புத்தகத்தில் அவர் வேறொன்றும் சொல்கிறார். முழு நாவலையும் எழுதி முடிக்காமல் முதல் பகுதியை அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 1860இல் ‘ஃபிராம்லி பார்சனேஜ்’ தொடருக்காக அதை மீற நேர்ந்ததைக் குறையாகவே நினைக்கிறார். கடைசி வரியை எழுதி மேஜையில் வைத்திருப்பவருக்கு முன்திட்டம் எதற்கு? அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது அவருடைய கையிருப்பு.

இதற்கு எதிர்முனையில் ஃபுளோபேர். ‘மதாம் பொவாரி’க்கு 1851 முதல் 1856 வரை உழைத்தார். அவசரப்படுத்த ஆள் இல்லை, சொத்து இருந்தது. ரூவான் நகர நூலகத்தில் 4,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட வரைவுகள் இருக்கின்றன. கதைச்சுருக்கம், அதன் விரிவு, அதன் மேல் இன்னொரு விரிவு, பிறகு முரட்டு வெட்டு. இங்கே திட்டமும் எழுத்தும் வெவ்வேறு கட்டங்களாகவே இல்லை. ஸ்டீபன் கிங் 2000இல் எழுதிய நினைவுநூலில், கதை மண்ணுக்குள் முன்பே கிடக்கும் புதைபடிவம், தோண்டி எடுப்பதே எழுத்தாளன் வேலை என்கிறார். கதைத்திட்டம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஆனால் அதே நூலில், ‘தி ஸ்டாண்ட்’ நாவல் நடுவில் அசையாமல் நின்றுபோனதையும், ஒரு வெடிகுண்டை வைத்துச் சில முக்கிய பாத்திரங்களைக் கொன்ற பிறகே கதை மீண்டும் நகர்ந்ததையும் சொல்கிறார். அந்த யோசனை பிடிபட்ட நடைப்பயணத்தில் அவர் செய்தது திட்டமிடல் அல்லாமல் வேறென்ன? நடுவில் செய்தார், அவ்வளவுதான்.

தமிழில் இந்தக் கேள்விக்கு மிக நல்ல சோதனைக்களம் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில், ஐந்து பாகங்களாக, வாரம் தவறாமல் வந்த கதை. கல்கியின் திட்டத்தாள்கள் நம்மிடம் இல்லை. ஆனால் அவர் முன்னே இருந்த சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகள் அவர் கையில் இருந்தன. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். உடையார்குடிக் கல்வெட்டு குற்றவாளிகள் சிலரின் பெயரைச் சொல்கிறது. அரியணை அவன் தம்பி அருள்மொழிக்கு வராமல் உத்தம சோழனுக்குப் போனது. சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. முடிவு முன்பே எழுதப்பட்ட கதை இது.

கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டு என்று சந்தேகித்தார் நீலகண்ட சாஸ்திரி. அந்தச் சந்தேகத்தை ஏற்றால் அருள்மொழியின் தியாகம் பொருளற்றுப் போகும். ஏற்காவிட்டால் அரியணைப் போட்டிக்கு ஆளில்லை. கல்கி செய்த வேலை, வரலாற்றில் உத்தம சோழன் என்ற ஒரே ஆளை இரண்டு பேராகப் பிரித்தது. மகுட ஆசை பிடித்து அலைய ஒரு மதுராந்தகன். பூக்குடலையோடு கோயில் வாசலில் நிற்க ஒரு சேந்தன் அமுதன். செம்பியன் மாதேவியின் பெற்ற மகன் இரண்டாமவன்தான் என்பது கடைசியில் தெரிகிறது. அவனே உத்தம சோழனாக முடி சூடுகிறான். ஆசை ஓரிடத்தில், தகுதி ஓரிடத்தில். கல்வெட்டுக்கும் பங்கமில்லை.

இது ஐந்தாம் பாகத்தில் திடீரென்று தோன்றிய யுக்தி என்று நான் நம்பவில்லை. சேந்தன் அமுதன் முதல் பாகத்திலேயே, வந்தியத்தேவன் தஞ்சைக்கு வந்து தங்குமிடம் தேடும்போது அறிமுகமாகிவிடுகிறான். அப்போது வாசகர் அவனை ஒரு துணைப்பாத்திரமாக, சாதுவான சிவபக்தனாக மட்டுமே பார்க்கிறார். முளை விட்ட இடம் அதுதான் என்பது அறுவடையின்போதுதான் புரிகிறது. அதே சமயம், வாராவாரம் எழுதியதன் தடயமும் நாவலில் நிறையவே இருக்கிறது. கேள்விப்பட்டதையே மறுபடி சொல்லும் உரையாடல்கள், அத்தியாயக் கடைசியில் வலிய நிறுத்தும் ஓர் அலறல், வெள்ளமும் புயலும் வந்து ஆட்களைத் தேவையான இடத்துக்கு ஒதுக்கிவிடுவது. கரிகாலனை யார் கொன்றது என்பதைக் கல்கி தீர்த்துச் சொல்லவேயில்லை. பலர் கையில் பழி மாறி மாறி நிற்கிறது. கதை சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்ட வாசகர்களுக்கு அவர் முடிவுரை எழுத வேண்டியிருந்தது. நாலு வருஷம் வாரந்தோறும் காத்திருந்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

கதை முன்பே தெரிந்திருப்பது இன்னொரு வகையில் விடுதலை. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாளுக்கொரு அத்தியாயமாக 26 நாவல்களில் ‘வெண்முரசு’ எழுத முடிந்ததற்கு மகாபாரதம் என்ற தரை கீழே இருந்தது ஒரு காரணம். குருஷேத்திரத்தில் யார் வெல்வார் என்று யோசிக்க வேண்டியதில்லை. எதை எந்தக் கண் வழியாக, எந்த வரிசையில் சொல்வது என்பதில் முழுக் கவனமும் போகலாம். நடந்தவற்றின் வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு என்று ரஷ்ய உருவவாதிகள் 1920களில் பிரித்துக் காட்டியது இங்கே கண்ணெதிரே நடக்கிறது. மார்க்கேஸ் ‘முன்கூறப்பட்ட சாவின் சரித்திரம்’ நாவலில் (1981) கொலையுண்ணப்போகிறவன் யார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, ஊரே அறிந்த கொலை ஏன் தடுக்கப்படவில்லை என்பதில் நம்மை உட்காரவைப்பதும் அந்த வரிசைக் கணக்கால்தான்.

துப்பறியும் கதையில் இந்தக் கணக்கு பிசகினால் கதையே இல்லை. அதனால் அகதா கிறிஸ்டி கொலைகாரரை முடிவு செய்த பிறகே பேனாவை எடுத்திருப்பார் என்று நினைப்போம். அவர் விட்டுச்சென்ற 73 குறிப்பேடுகளை ஆராய்ந்து ஜான் கரன் 2009இல் வெளியிட்ட நூல் வேறு படத்தைக் காட்டுகிறது. மளிகைப் பட்டியலுக்கும் வீட்டுக் கணக்குக்கும் நடுவே, இவர் கொன்றால் எப்படி, இல்லை அவர் கொன்றால் எப்படி என்று அ, ஆ, இ போட்டு யோசித்துக்கொண்டிருக்கிறார். தேதியும் ஒழுங்கும் கிடையாது. அந்தக் கச்சிதம் முழுவதும் அச்சுப் புத்தகத்தில் மட்டும்தான்.

பல இழைகள் ஒரே சமயத்தில் ஓடும் நாவலுக்குக் கட்டம் போட்ட தாள் உதவும். ஜே.கே. ரௌலிங் ஹாரி பாட்டரின் ஐந்தாம் புத்தகத்துக்குக் கையால் கோடு கிழித்த ஒரு பட்டியல் வெளியாகியிருக்கிறது. வரிசைக்கு ஓர் அத்தியாயம், அது நடக்கும் மாதம். பத்திக்கு ஒரு கிளைக்கதை. எந்த இழை எத்தனை அத்தியாயமாகத் தலைகாட்டவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இப்போது எழுதத் தொடங்குகிறவருக்கு நான் காட்டக்கூடிய கருவி இது ஒன்றுதான். அதையும் முதல் வரைவு முடிந்த பிறகு போட்டுப் பார்ப்பதே அதிகப் பயன். கட்டம் முன்னால் வந்து எழுத்தைக் காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வில்லியம் ஃபாக்னர் ‘எ ஃபேபிள்’ நாவலின் திட்டத்தை வாரத்தின் நாட்கள் வாரியாகத் தன் அறைச் சுவரிலேயே எழுதிவைத்தார். ஆக்ஸ்ஃபோர்டு, மிசிசிப்பியில் உள்ள வீட்டில் இன்றும் அதைப் பார்க்கலாம். பத்தாண்டு உழைப்பு, புலிட்சர் பரிசு, எல்லாம் இருந்தும் அந்த நாவலை அவருடைய சிறந்தவற்றுள் வைப்பவர் அரிது. எதிர்ப்பக்கம் ஜார்ஜ் பெரெக். 1978இல் வந்த ‘வாழ்க்கை: பயன்பாட்டுக் கையேடு’, ஒரு பாரிஸ் குடியிருப்பைப் பத்துக்குப் பத்துக் கட்டமாக்கி, சதுரங்கக் குதிரை தாவும் வரிசையில் அறை அறையாகப் போகிறது. மொத்தம் 99 அத்தியாயங்கள். எந்திரத்தனமான திட்டம், ஆனால் உயிருள்ள நாவல். அங்கே திட்டம் இடத்துக்குத்தான். மனிதர்களுக்கு அல்ல.

இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் ஆற்றிய உரைகளில் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் சொன்ன வேறுபாட்டைப் பாடநூல்கள் எல்லாம் எடுத்துப்போட்டன. அதே உரைகளில் அவர் வைத்த புகார் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நாவல்கள் பெரும்பாலும் கடைசியில் பலவீனப்படுகின்றன, ஏனென்றால் முடிச்சுகளை அவிழ்த்துத் தீர வேண்டிய கடன் பின்னலுக்கு இருக்கிறது, அந்தக் கடனைக் கட்டும்போது மனிதர்கள் உயிரிழந்துவிடுகிறார்கள் என்கிறார். டிக்கன்ஸே ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் துயர முடிவை நண்பர் புல்வர் லிட்டனின் பேச்சைக் கேட்டு 1861இல் மாற்றினார். எந்த முடிவு சரி என்று ஆய்வாளர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

பெருமாள்முருகன் அந்தச் சண்டைக்கு இடம் வைக்கவில்லை. 2010இல் வந்த ‘மாதொருபாகன்’, மனைவி பொன்னா திருவிழாவுக்குப் போய் வந்ததை அறிந்த காளி பூவரச மரத்தடியில் நிற்பதோடு நின்றுவிடுகிறது. அவன் செத்தானா, பிழைத்தானா? 2014இல் அவர் இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இறந்துவிடுகிறான்; பொன்னா தனியே வாழ்கிறாள். ‘அர்த்தநாரி’யில் அவன் உயிரோடிருக்கிறான், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் ஒரே வெளியில் வாழ வேண்டியிருக்கிறது. எதை முதலில் படிப்பது என்று அவர் வரிசை சொல்லவில்லை.